நடுப்பக்கம் படிக்காத அண்ணாச்சி

பலவேசம்: இல்ல டீச்சர்... நான் இப்படியே உக்காந்து பேசுறேன். எந்திரிச்சா முதுகு புடிச்சுக்கிடும்.

ஜெயசீலி: அண்ணாச்சி, வீட்டுக்குள்ள நாலு நாற்காலி சும்மா கெடக்கு. பின்வாசல்ல அண்டாவைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்தாத்தான் முதுகுக்கு நல்லதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?

பலவேசம்: டாக்டர் இல்ல... சும்மா காத்தாட...

ஜெயசீலி: வேப்பமரத்து நெழல்ல அம்புட்டு எடம் கெடக்கு. நீங்க மூணு மணி வெயில்ல வந்து காத்து வாங்குறீக.

பொன்னுத்தங்கம்: நானும் காலையிலேர்ந்து சொல்றேன் டீச்சர். கேட்டாத்தானே? கட்டின பொண்டாட்டி பேச்சு காத்தோட போச்சு. காப்பி குடிக்கீகளா?

ஜெயசீலி: குடிக்கிறேன்க்கா. காப்பி போடத் தண்ணி இருக்குல்ல?

பொன்னுத்தங்கம்: அதெல்லாம் வேண்டிய மட்டும்...

பலவேசம்: லாரித் தண்ணி! லாரித் தண்ணி இருக்கு டீச்சர். அரைக் கொடம்.

பொன்னுத்தங்கம்: ஆமா, ஆமா. அரைக் கொடம். போய்ப் போட்டுட்டு வாரேன்.

ஜெயசீலி: சரி, வந்த வேலையைப் பாப்போம். புதுத் தண்ணிச் சட்டம் வந்திருக்குல்ல? எந்த வீட்டுல, எந்தக் கம்பெனியில போர்க் கெணறு இருக்குன்னு டீச்சர்மார்தான் கணக்கு எடுக்கணுமாம். பாடம் நடத்துறதைத் தவிர மத்த எல்லா வேலையும் எங்களுக்கு நல்லா வரும்னு கவர்மெண்டுக்கு ஒரு நம்பிக்கை.

பலவேசம்: டெல்லியில உக்காந்து எளுதுன சட்டம், திருத்தங்கல்ல எங்க பின்வாசல் வரைக்கும் வந்து நிக்குது பாருங்க.

ஜெயசீலி: நாடு பூராம் தண்ணி வத்திப்போச்சு அண்ணாச்சி. ஒங்க பின்வாசலை மட்டும் விட்டுட்டா போகும்? கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இங்கன போர்...

பலவேசம்: இல்ல.

ஜெயசீலி: கேள்வியை முடிக்கவே விடலியே.

பலவேசம்: போர்னு காதுல விழுந்துச்சு. இல்ல டீச்சர். எளுதிக்கோங்க. பலவேசம், பிரிண்டிங் கம்பெனி, போர் இல்ல. கையெழுத்து எங்கன போடணும்?

ஜெயசீலி: அவசரப்படாதீக. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணியோட பதிவு முடியுது. இன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டு, நாளைக்கு ஆபீசர் வந்து போரைக் கண்டுபுடிச்சா சீல் வச்சுருவாக. அப்பறம் ஒங்க குலசாமியே வந்து கேட்டாலும் தொறக்க மாட்டாக.

பலவேசம்: இருந்தாத்தானே சீல் வைக்க?

ஜெயசீலி: அதானே. இருந்தாத்தானே. ஆமா, நீங்க போர் போட்டீகளே, ரெண்டு வருஷத்துக்கு முன்ன? போர் வண்டி நின்ன நாள் பூராம் எங்க பிள்ளைக யூனிபார்ம்ல வெள்ளைப் புழுதி. பின்னாடி செவத்தை ஒட்டித்தானே எங்க பள்ளிக்கூடம்?

பலவேசம்: போட்டேன். இல்லைன்னு சொல்லல. நாலு போர் போட்டேன். நாலுலயும் தண்ணிக்குப் பதிலா புகைதான். கடைசிப் போரு தொள்ளாயிரம் அடி. அதுலயும் புகை.

ஜெயசீலி: அந்த நாலாவதை எங்கன போட்டீக?

பலவேசம்: அது... அந்தா... அங்கிட்டு...

ஜெயசீலி: எந்திரிச்சு வந்து காட்டுங்களேன்.

பலவேசம்: முதுகு டீச்சர்.

ஜெயசீலி: ஓ, முதுகு. மறந்துட்டேன்.

பலவேசம்: வாசல்ல பலகை தொங்குதே, பாக்கலியா? 'இங்கு தண்ணீர் இல்லை. கேட்க வேண்டாம்.' ரெண்டு வருஷமாத் தொங்குது.

ஜெயசீலி: பாக்காம என்ன? நாலு கலர்ல, லேமினேஷன் போட்டு, கீழ குத்தாலம் அருவிப் படத்தோட. தண்ணி இல்லைன்னு சொல்றதுக்கு அருவிப் படம் போட்ட ஆளு இந்த ஜில்லாவுலேயே நீங்க ஒருத்தர்தான்.

பலவேசம்: காலண்டர் அட்டையில மிஞ்சுனது டீச்சர். வீணாக்க வேண்டாமேன்னு அதுலயே அடிச்சுட்டேன்.

பொன்னுத்தங்கம்: இந்தாங்க காப்பி. அந்தப் பலகை நான் போடச் சொன்னது டீச்சர். மூணு போரு பொய்ச்சுப் போனப்ப நான் ரெண்டு நாளு சோறு திங்கல. ஊரு பூராம் வந்து, வந்துச்சா வந்துச்சான்னு கேக்காக. வயித்தெரிச்சல்ல, பலகை மாட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

ஜெயசீலி: மூணா, நாலா?

பொன்னுத்தங்கம்: என்னது?

ஜெயசீலி: பொய்ச்சுப் போன போரு. அண்ணாச்சி நாலுங்கிறாக. நீங்க மூணுங்கிறீக.

பலவேசம்: நாலு! அவளுக்குக் கணக்கு வராது டீச்சர்.

ஜெயசீலி: எனக்கு வரும். நான் கணக்கு டீச்சர்.

பலவேசம்: ஒங்க கணக்குதான் தெரியுமே. எங்க கம்பெனியில காலண்டர் அட்டை ஒட்டுற பத்திரகாளி மக அனுப்பிரியா ஒங்க கிளாஸ்தானே? எங்க கணக்கு டீச்சர் போர்டுல வட்டம் போட்டா கோளி முட்டை மாதிரி இருக்குன்னு அவ சொல்லிச் சிரிக்கா.

ஜெயசீலி: போர்டு காம்பஸ் முனை ஒடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு அண்ணாச்சி. கையாலதான் போடுறேன்.

பலவேசம்: இரும்பு முனை எப்படி ஒடியும்?

ஜெயசீலி: பழசு... ஒடிஞ்சுச்சு. நீங்க பேச்சை மாத்தாதீக. இந்த வாழை எப்படிக் குலை தள்ளுச்சு? இந்த வருஷம் மழையே பெய்யல.

பொன்னுத்தங்கம்: பாத்திரம் களுவுன தண்ணி டீச்சர்.

ஜெயசீலி: அரைக் கொடம் தண்ணியில காப்பியும் போட்டு, பாத்திரமும் கழுவி, ஆறு வாழையும் வளத்திருக்கீக. ஒங்களைத்தான் டெல்லிக்குக் கூப்புட்டுப் போய்ச் சட்டம் எழுதச் சொல்லணும்க்கா.

பலவேசம்: இவ செஞ்சாலும் செய்வா. கைச்சிக்கனம். மக்குல தண்ணி மோந்து, அதுலயும் பாதியைத் திருப்பி வாளியில ஊத்துற ஆளு.

பொன்னுத்தங்கம்: நீங்க மட்டும் என்னவாம்? தெனமும் குளிச்சுக்கிட்டு இருந்த மனுசன், ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆயிட்டீக. கேட்டா தண்ணி கொறையுதுன்னு...

பலவேசம்: லாரித் தண்ணி கொறையுதுன்னு சொன்னேன்!

ஜெயசீலி: நான் ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி.

பொன்னுத்தங்கம்: அய்யய்யோ, ஒங்க பள்ளிக்கூடத்துல மணி அடிக்கு. இண்டர்வெல் விட்டாச்சா? அடுப்புல பால் வச்சேன் டீச்சர். பொங்கிரும்.

ஜெயசீலி: இப்பத்தானே காப்பி கொடுத்தீக? மறுபடி பாலா?

பொன்னுத்தங்கம்: இது வேற பால். வந்துர்றேன், ஒரு நிமிசம்...

பலவேசம்: இவ ஒருத்தி. தெனமும் இதே நேரத்துக்கு ஒரு பால் வைப்பா. குடிக்கிறதுக்குத்தான் ஆளைக் காணோம்.

ஜெயசீலி: தெனமும் இண்டர்வெல் மணிக்கா?

பலவேசம்: நான் அதைக் கவனிக்கல... ஏன் கேக்கீக?

ஜெயசீலி: சும்மாத்தான். அண்ணாச்சி... என்னமோ சத்தம் கேக்குல்ல?

பலவேசம்: கம்பெனியில மெஷின் ஓடுது. சீசன்ல... ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் ஒட்டுன ஆல்பம் வெளியாகணும்ல.

ஜெயசீலி: மெஷின் தடக்குத் தடக்குன்னு ஓடும். இது சளசளன்னு விழுது. செவத்துக்கு அந்தப் பக்கம். எங்க பள்ளிக்கூடத் தொட்டியில.

பலவேசம்: இப்ப எப்படி விழும்? காலையில தானே...

ஜெயசீலி: காலையில தானே?

பலவேசம்: ...முனிசிபாலிட்டித் தண்ணி காலையில தானே வரும்னு சொல்ல வந்தேன்.

ஜெயசீலி: ஊருக்கே அது பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருது. எங்க லைன்ல ரெண்டு வருஷமா வெறும் காத்து. அண்ணாச்சி, நான் நடத்துறது கணக்குதான். ஆனா தண்ணி சத்தத்துக்கும் காத்து சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

பலவேசம்: தங்கம்! ஏ தங்கம்! வால்வைத் தொறந்தது யாரு? இங்கன வா மொதல்ல!

ஜெயசீலி: அண்ணாச்சி, முதுகு.

பலவேசம்: என்ன முதுகு?

ஜெயசீலி: எந்திரிச்சு நிக்கீக. அண்டாவை நான் தூக்கவா, நீங்க தூக்குறீகளா?

பலவேசம்: தூக்க வேண்டாம் டீச்சர். அடியில போர்தான் இருக்கு. நாலாவது போர். தண்ணி நல்லா வருது. போதுமா?

ஜெயசீலி: போதாது. இப்ப வால்வைத் தொறந்தது யாருன்னு தெரியணும்ல?

பொன்னுத்தங்கம்: நான்தான், பக்கத்துச் சந்து வழியா வந்து தொறந்தேன். என்ன இப்போ? ஊரு கூட்டணுமா?

பலவேசம்: நீயா? ஒரு சொட்டு வெளிய போகக் கூடாதுன்னு பலகை மாட்டுனவ நீ!

பொன்னுத்தங்கம்: மாட்டுனேன். அது பெரியவுகளுக்கு. பிள்ளைகளுக்கு இல்ல.

பலவேசம்: எத்தனை நாளா?

பொன்னுத்தங்கம்: ஒண்ணரை வருசமிருக்கும். வாளைக்குப் பின்னால ஒரு குளாய் செவத்துக்குள்ள போச்சு. பிளம்பர் விட்டுட்டுப் போன பளைய குளாய்னு நெனச்சேன். வால்வைத் திருகிப் பாத்தேன், அந்தப் பக்கம் தொட்டியில தண்ணி விழுந்துச்சு. புள்ளைக ஓன்னு கத்துச்சுக. அப்பறம் மூட மனசு வரல. இண்டர்வெல் மணி அடிச்சா வந்து தொறந்து விடுவேன்.

ஜெயசீலி: குழாயை யாரு போட்டதுன்னு அண்ணாச்சிகிட்ட நீங்க கேக்கலியாக்கா?

பொன்னுத்தங்கம்: கேட்டா, எனக்குத் தெரியாம ஒரு குளாயான்னு இவுக அதைப் பிடுங்கிருவாகளே! அதனால கேக்கல.

பலவேசம்: அடிப்பாவி! போட்டதே நான்தான்.

பொன்னுத்தங்கம்: என்னது?

பலவேசம்: நான்தான். காலையில கம்பெனி தொறக்கப் போகையில வால்வைத் தொறந்துட்டு, திரும்பிக் காப்பி குடிக்க வரும்போது மூடுவேன். ஒனக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவேன்னு... நீதான் ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்தவளாச்சே.

பொன்னுத்தங்கம்: அப்ப தண்ணி கொறையுது, தண்ணி கொறையுதுன்னு என்னைய ஒரு வருசமாத் துணி துவைக்க விடலியே... அது?

பலவேசம்: நான் ஒரு வேளைதான் தொறக்கேன், எப்படி இம்புட்டுக் கொறையுதுன்னு எனக்கும் புரியல! நீ துணிக்குக் கொட்டுறேன்னு நெனச்சேன்.

பொன்னுத்தங்கம்: நான் நீங்க சவரம் பண்ணக் கொட்டுறீகன்னு நெனச்சேன்.

ஜெயசீலி: எங்க தொட்டி தெனமும் ரெண்டு வேளை வழியுறதுக்கு இதான் காரணமா? நல்ல குடும்பம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமத் திருடுறதைத்தான் கேள்விப்பட்டிருக்கேன். தெரியாமக் கொடுக்கிறதை இங்கனதான் பாக்குறேன்.

பலவேசம்: சிரிக்காதீக டீச்சர். அனுப்பிரியா தெனமும் மத்தியானம் கம்பெனிக்கு வருவா. அவ அம்மாவைப் பாக்க வாரான்னு நெனச்சேன். பள்ளிக்கூடக் கக்கூஸ்ல தண்ணி இல்ல, அதான் இங்கன வாரான்னு பத்திரகாளி சொன்னா. வந்த புள்ள திரும்பிப் போகாது. அட்டைக்கட்டு மேலேயே படுத்துத் தூங்கிரும். பெறகு பாத்தா அவகூட இன்னும் மூணு புள்ளைக. நாரணாபுரத்துலேர்ந்து படிக்க வர்ற புள்ளைக. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஜெயசீலி: அப்ப அரை நாளுக்கு மேல பாதி கிளாஸ் காலியாத்தான் கெடக்கும். இப்ப நூத்தி அறுபது பிள்ளைகளும் கடைசி மணி வரைக்கும் இருக்குதுக. இதை எதுக்கு அண்ணாச்சி மறைச்சீக? அண்டாவைக் கவுத்துப் போட்டு, வெயில்ல காஞ்சு...

பலவேசம்: மறைக்காம? போர் இருக்குன்னு சொன்னா ஆபீசர் வருவான். வந்தா குளாயைப் பாப்பான். பாத்தா சீல் வைப்பான். எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர், லாரித் தண்ணியில குளிச்சுக்கிடுவேன். அந்தப் புள்ளைக என்ன செய்யும்? நேத்து ராத்திரி முச்சூடும் ஒறக்கமில்ல.

ஜெயசீலி: குழாயைப் பாத்தா சீல் வைப்பாகன்னு யாரு சொன்னா?

பலவேசம்: சட்டம் சொல்லுது! எனக்கே பாடம் எடுக்காதீக. கணக்கெடுப்புல கொடுக்கிற அந்தச் சட்டப் புத்தகத்தை அடிச்சதே எங்க கம்பெனிதான். நாலாம் பக்கம், கடைசி வரி. வளாகத்துக்கு வெளியே தண்ணீர் கொடுப்பது குற்றம். அடுத்த பக்கம் தண்டனை. எளுத்து எளுத்தாப் படிச்சேன்.

ஜெயசீலி: அடுத்த பக்கம்னா... அஞ்சாம் பக்கமா?

பலவேசம்: இல்ல. பதிமூணு.

ஜெயசீலி: நாலுக்கு அடுத்து பதிமூணா? அண்ணாச்சி, எங்க அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக கூட இப்படி எண்ணாது.

பலவேசம்: ஒங்களுக்கு அச்சுத் தொளில் தெரியாது. பதினாறு பக்கப் புத்தகம். நடுவுல மடிச்சுப் பின் அடிக்கிறது. வெளித்தாள்ல மொத நாலு பக்கமும் கடைசி நாலு பக்கமும் வரும். அதை நான் அடிச்சேன். நடு எட்டுப் பக்கம் உள்தாள். சீசன்ல எங்க மெஷின் ஒழியல, அதனால அது மணிகண்டராஜ் கம்பெனிக்குப் போயிருச்சு. மடிச்சுப் பின் அடிச்சதும் அவன்தான்.

ஜெயசீலி: நடு எட்டுப் பக்கத்துல என்ன இருக்குன்னு நீங்க படிக்கவே இல்ல?

பலவேசம்: மணிகண்டராஜ் அடிச்சதை நான் எதுக்குப் படிக்கணும்? எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியைப் பூராம் இளுத்தவன்.

பொன்னுத்தங்கம்: அப்ப பாதிச் சட்டத்தைப் படிச்சுட்டுத்தான் அண்டா மேல ஏறி உக்காந்தீகளா?

பலவேசம்: குத்தமும் தண்டனையும் படிச்சா போதாதா?

ஜெயசீலி: இந்தாங்க முழுப் புத்தகம். போர் இருக்குன்னு சொன்னவுகளுக்குத்தான் இதைக் கொடுக்கணும்னு உத்தரவு. இப்பத்தானே சொன்னீக? அஞ்சாம் பக்கம். சத்தமாப் படிங்க.

பலவேசம்: சீ... என்ன அச்சு இது? மை அப்பியிருக்கு. செவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் தள்ளி நிக்குது. இவனுக்கெல்லாம் ஆர்டர் கொடுக்கிறவனைச் சொல்லணும்...

ஜெயசீலி: அச்சைப் பாக்காதீக. எழுத்தைப் படிங்க.

பலவேசம்: 'மேற்கண்ட தடை, தண்ணீரை விற்பவர்களுக்கே பொருந்தும். பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ விலையின்றித் தண்ணீர் கொடுக்கும் ஆழ்துளைக் கிணறு, பொதுப்பயன் கிணறாகப் பதிவு செய்யப்படும். அதை மூடி முத்திரையிட எந்த அலுவலருக்கும் அதிகாரமில்லை...'

பொன்னுத்தங்கம்: மூட முடியாதா? யாராலயும் மூட முடியாதா டீச்சர்?

ஜெயசீலி: யாராலயும் முடியாதுக்கா. அதுக்குக் கீழயும் படிங்க அண்ணாச்சி.

பலவேசம்: 'உரிமையாளர் இதைத் தாமே முன்வந்து கூற வேண்டும். கணக்கெடுப்பாளர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.' அடடா... அதான் நீங்க ஒரு மணி நேரமா...

ஜெயசீலி: அண்டாவையும் வாழையையும் சுத்திச் சுத்தி வந்தேன். வேற என்ன செய்ய? ஒங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு மணிக்குள்ள நீங்க சொல்லலைன்னா, இல்லைன்னுதான் நான் எழுதணும்.

பொன்னுத்தங்கம்: மணி நாலரை ஆகுது. எளுதுங்க டீச்சர், எளுதுங்க! இவுக மறுபடி உக்காந்துரப் போறாக.

ஜெயசீலி: கிணறு யாரு பேர்ல?

பலவேசம்: என் பேர்ல. இல்ல... ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க. இண்டர்வெல் தண்ணி அவளோடதுல்ல?

ஜெயசீலி: ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

பலவேசம்: ஒரு வேளை.

பொன்னுத்தங்கம்: ரெண்டு வேளை.

ஜெயசீலி: ரெண்டு. ஒருத்தர் வாழைக்குப் பின்னால நிக்கும்போது இன்னொருத்தர் காப்பி குடிக்கிறாகன்னு எழுத இதுல எடமில்ல. குழாய் எந்த வழியாப் போகுது?

பலவேசம்: பள்ளிக்கூடச் செவத்து வழியா. ஆனா ஒண்ணு டீச்சர், செவத்தை நான் ஒடைக்கல. அதை நல்லா எளுதிருங்க. ஒரு செங்கல் தானா விழுந்து ஓட்டையாக் கெடந்துச்சு. பத்து நாளாப் பாத்தேன், ஒங்க ஆளுக யாரும் அடைக்கல. சரி, கடவுளாப் பாத்து வழி விட்டுருக்காருன்னு குளாயை நொழைச்சேன்.

பொன்னுத்தங்கம்: பத்திரகாளியம்மன் கோயில்ல அன்னைக்குத்தான் நான் வெளக்குப் போட்டேன். ஆத்தா செயல்.

ஜெயசீலி: 'செங்கல் தானாக விழுந்தது.' எழுதிட்டேன். இங்கன கையெழுத்துப் போடுங்க. நீங்களும் போடுங்கக்கா. அப்பறம் அந்தப் பலகையைக் கழத்திருங்க.

பொன்னுத்தங்கம்: இப்பவே கழத்துறேன். அருவிப் படம் மட்டும் இருக்கட்டும், நல்லாருக்கு.

பலவேசம்: டீச்சர், நாங்க ரெண்டு பேரும் மறைச்சதையெல்லாம் சொல்லிட்டோம். பெரிய பாரம் எறங்குன மாதிரி இருக்கு. வர்ற ஆடிப்பெருக்குக்கு ஆல்பத்தோட ஒங்களுக்கு ஒரு புதுப் போர்டு காம்பஸும் வாங்கித் தாரேன். இன்னும் எத்தனை நாளைக்குக் கோளி முட்டை வட்டம் போடுவீக? அந்த இரும்பு முனை எப்படித்தான் ஒடிஞ்சுச்சோ...

ஜெயசீலி: சிமெண்டு வச்சுப் பூசுன செங்கல் தானா விழும்னா நெனச்சீக அண்ணாச்சி? பிள்ளைக வீட்டுக்குப் போனப்பறம், நாலு சாயந்தரம் அந்த முனையை வச்சுச் சொரண்டித்தான் உருவுனேன். நாலாவது போர்ல தண்ணி பீச்சுனது எங்க பள்ளிக்கூடம் வரைக்கும் தெறிச்சுச்சு. ஆனா ஒங்க வாசல்ல அந்தப் பலகையைப் பாத்துட்டு, கதவைத் தட்டிக் கேக்க எனக்கு வாய் வரல.